17ஆம் எண்ணில் இரண்டு பிரதிகள்: கையொப்பமிட்ட ஒரு சிங்கப்பூர்க் கவிதை நூல் பற்றிய நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் வாழ்ந்த ஒரு கவிஞரின் முதல் தொகுப்பு சென்னையில் அச்சாகி, 1979 பொங்கலை ஒட்டி இங்கே வெளியீடு கண்டது. சாதாரணப் பதிப்பு போக, காலிக்கோ என்னும் துணியால் பைண்டிங் செய்த 100 சிறப்புப் பிரதிகளும் உண்டு. ஒவ்வொன்றிலும் கவிஞர் தம் கையால் எண் எழுதிக் கையொப்பமிட்டார். துறைமுகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர், மொத்தம் இரண்டே நூல்கள் போட்டார், 2004இல் காலமானார். இலக்கிய வரலாறு எழுதுபவர்கள் அவரை ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் அவர் பெயரையும் நூலின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

அந்த நூலில் 17/100 என்று எண்ணிட்ட பிரதிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களின் முதற் பதிப்புகளைத் தேடிச் சேர்க்கும் நண்பர் ஒருவர் ஒரு கடையில் 150 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கியது. இன்னொன்று, அங் மோ கியோவில் காலமான ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவரின் அலமாரியிலிருந்து வந்தது. வீட்டைக் காலி செய்த அவர் மகள், பழைய பேப்பர் வாங்கும் காரங்குனிக்காரரிடம் போட எடுத்து வைத்திருந்த கட்டுக்குள் அது கிடந்தது. இரண்டிலும் உள்ள கையெழுத்து கவிஞருடையதுதான் என்பதில் அவரை அறிந்த யாருக்கும் ஐயம் இல்லை. அப்படியானால் எது வெளியீட்டன்று கொடுத்த 17? மற்றது எப்படி வந்தது?

இந்தக் கேள்வியைத் தீர்த்த விதத்தை விரிவாகப் பதிவு செய்வதற்குக் காரணம் உண்டு. அதிகம் அறியப்படாத எழுத்தாளர்களின் நூல்களைச் சேர்ப்பவர்களுக்கு விலைப்பட்டியல் துணை கிடையாது. ஏல வரலாறும் நூற்பட்டியல் அறிஞரும் கிடையாது. பிரதியே தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல வைக்கும் வழிகள் நம் ஊரிலேயே இருக்கின்றன.

இரண்டு பிரதிகளும் பார்வைக்கு

நண்பரிடம் உள்ளதைக் கடைப் பிரதி என்றும் மற்றதை வாத்தியார் பிரதி என்றும் வைத்துக்கொள்வோம்.

கடைப் பிரதி பளிச்சென்று இருந்தது. தாள் மஞ்சளாகியிருந்தாலும் கறை இல்லை, பூச்சி அரிப்பு இல்லை. அட்டை மட்டும் சாதாரணப் பதிப்பின் காகித அட்டை. காலிக்கோ அட்டை கிழிந்துபோய் மாற்றியிருப்பார்கள் என்பது விற்றவர் தந்த விளக்கம். எண்ணிட்ட தாளில் கவிஞரின் கையொப்பம், அதன் கீழே 15-1-1979 என்ற தேதி. யாருடைய பெயரும் இல்லை. தலைப்புப் பக்கத்தில் கவிஞரின் முகவரி கொண்ட ரப்பர் முத்திரை.

வாத்தியார் பிரதியின் நிலை வேறு. மெரூன் நிறக் காலிக்கோ வெளுத்து, முதுகுப் பகுதி தளர்ந்து, பின் பக்கங்களில் இராமபாணப் பூச்சி மேய்ந்த தடங்கள் இருந்தன. எண்ணிட்ட பக்கத்தில் வாத்தியாரின் பெயர், 'தமிழ் வகுப்பில் என் வரிகளை வாசித்துக் காட்டியவருக்கு' என்ற ஒரு வரி, கையொப்பம், அதன் கீழே '2010 தை'.

மேலோட்டமாகப் பார்த்தால் தீர்ப்பு எளிது. ஒன்றில் 1979, மற்றதில் 2010. ஒன்று சுத்தமாக இருக்கிறது, மற்றது அரிபட்டுக் கிடக்கிறது. அதிலும் யாருக்கோ பெயரெழுதிக் கொடுத்தது. வாத்தியாரின் மகளிடம் முன்பு இந்தக் கட்டைப் பார்த்த ஒரு வியாபாரியும் அதையேதான் சொன்னாராம்: பின்னாளில் கையெழுத்து வாங்கியது, விலை போகாது.

2010இல் கவிஞர் உயிரோடு இல்லை. அது ஒன்றே அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைக்கப் போதும். அவர் தனித்தமிழ்ப் பற்றாளர்; நாள் குறிக்கும்போது திருவள்ளுவர் ஆண்டையே எழுதுவார். ஆங்கில ஆண்டோடு 31ஐக் கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு வரும். 2010இலிருந்து 31ஐக் கழித்தால் 1979. எழுபதுகளில் தமிழ்நாட்டு அரசு இந்த ஆண்டு முறையை ஏற்றுக்கொண்ட பின் இங்குள்ள கவிஞர்கள் பலரும் நூல்முகப்பிலும் முன்னுரையிலும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 'தி.பி.' என்றோ 'தி.ஆ.' என்றோ முன்னால் போட்டிருந்தால் குழப்பம் இல்லை. வெறும் எண்ணாக நின்றால், 1970 முதல் 1990 வரை கையெழுத்தான ஒரு நூல் 2001 முதல் 2021 வரைக்குள் கையெழுத்தானது போலத் தோன்றும். இதனால் குறைத்து மதிப்பிட்டுத் தள்ளப்பட்ட நல்ல பிரதிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆண்டு எண்ணைப் பார்த்தவுடன் எழுதியவர் எந்தக் கணக்கில் எழுதுபவர் என்று கேட்பதைச் சேகரிப்பவர்கள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கடைப் பிரதியின் முத்திரை

வாத்தியார் பிரதி 1979இல் கையெழுத்தானது என்று தெரிந்ததும், அதே எண்ணில் இருக்கும் மற்றது எப்போது வந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது. அதில் பெரிதும் உதவியது ரப்பர் முத்திரை.

சிங்கப்பூரின் அஞ்சல் குறியீடு மூன்று கட்டங்களாக வளர்ந்தது. 1950இலிருந்து இரண்டு இலக்கம், 1979 நடுவிலிருந்து நான்கு இலக்கம், 1995 செப்டம்பரிலிருந்து இப்போதுள்ள ஆறு இலக்கம். நூலின் பதிப்பு விவரப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் கவிஞரின் தோ பாயோ முகவரி 'சிங்கப்பூர் 12' என்று முடிகிறது. 1979 ஜனவரிக்கு அது சரி. கடைப் பிரதியின் முத்திரையில் ஆறு இலக்கக் குறியீடு இருக்கிறது. அதற்குக் கீழே வீட்டுத் தொலைபேசி எண், ஏழு இலக்கம். இங்கே வீட்டுத் தொலைபேசி எண்களுக்கு முன்னால் 6 சேர்த்து எட்டு இலக்கமாக்கியது 2002 மார்ச்சில். ஆக, அந்த முத்திரையைச் செய்தது 1995 செப்டம்பருக்கும் 2002 மார்ச்சுக்கும் இடையில். பழைய முத்திரையை ஒருவர் அதற்குப் பின்னும் உபயோகிக்கலாம் என்பதால், குத்திய காலத்தை 1995 முதல் அவர் மறைந்த 2004 வரை என்று வைப்பது பாதுகாப்பானது.

ஆனால் முத்திரை வேறு, கையொப்பம் வேறு. 1979இல் கையொப்பமிட்ட பிரதியை இருபது ஆண்டு கழித்துத் திரும்ப வாங்கி முத்திரை குத்தியிருக்க முடியாதா? முடியும். அதனால் எண்ணிட்ட தாளையே பார்த்தோம்.

வாத்தியார் பிரதியில் அந்தத் தாள் முதல் ஃபாரத்தின், அதாவது மடித்துத் தைத்த தாள்தொகுதியின், ஒரு பகுதி. ஃபாரத்தின் நடுவைத் திறந்தால் தையல் நூல் தெரிகிறது. தாள் மடிந்து மறுபக்கம் இன்னொரு பக்கமாகத் தொடர்கிறது. விரல் நுனியால் தடவினால் ஈய எழுத்து தாளில் பதிந்த மேடு பள்ளம் உணரத் தெரியும். கடைப் பிரதியில் அதே இடத்தில் இருப்பது தனித் தாள். உள்ளோரத்தில் வெள்ளைப் பசையின் மெல்லிய கோடு. தாள் மற்ற பக்கங்களைவிட வெளிறி இருக்கிறது. எழுத்து வழவழப்பான லேசர் அச்சு, பின்பக்கம் அழுத்தமே இல்லை.

வாசகம் இரண்டிலும் ஒன்றுதான்: விற்பனைக்கு அல்லாமல் அன்பர்களுக்காக எண்ணிட்ட நூறு பிரதிகளில் இது இத்தனையாவது என்று. அந்த 'விற்பனை'யில் உள்ள னகர ஐகாரத்தைக் கவனியுங்கள். வாத்தியார் பிரதியில் யானைத் துதிக்கை போல மேலே வளையும் பழைய வடிவம். கடைப் பிரதியில் இன்று நாம் எழுதும் வடிவம். தமிழ்நாட்டு அரசு சீர்திருத்த எழுத்தை ஆணையாக வெளியிட்டது 1978 அக்டோபரில். பழைய ஈய எழுத்துகளை வைத்திருந்த சிறு அச்சகங்கள் அதற்குப் பின்னும் பல காலம் அவற்றையே கோத்தன. இந்த நூல் முழுவதும் பழைய எழுத்தில் இருப்பதில் வியப்பில்லை. வியப்பு, ஒரே ஒரு தாள் மட்டும் புதிய எழுத்தில் இருப்பது. ஒரு நூலின் காலத்தை எழுத்து வடிவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்: பெரியாரின் 'குடி அரசு' 1935லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டது, அவரைப் பின்பற்றியவர்களின் வெளியீடுகளிலும் அதைப் பார்க்கலாம். இங்கே அது சான்றாவது, அதே நூலின் மற்றப் பக்கங்களோடு முரண்படுவதால்தான்.

பேனாவும் அதையே சொல்கிறது. கடைப் பிரதியின் கையொப்பம் ஜெல் மையில் போட்டது. அந்தப் பேனா சந்தைக்கு வந்ததே எண்பதுகளில். வாத்தியார் பிரதியில் இருப்பது ஊற்றுப்பேனா நீல மை. இறங்கு கோடுகள் தடித்தும் ஏறு கோடுகள் மெலிந்தும் பக்கத்தின் பின்புறம் லேசாக ஊறியும் இருக்கிறது.

இத்தனையும் பார்த்த பிறகு, கடைப் பிரதி என்பது சாதாரணப் பதிப்பின் மிச்சப் பிரதி ஒன்றில், தொண்ணூறுகளின் கடைசியிலோ அதை ஒட்டியோ, எண்ணிட்ட தாள் ஒட்டிக் கவிஞரே கையொப்பமிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். அவர் எழுதிய 1979 என்பது வெளியீட்டு நாள், கையொப்ப நாள் அல்ல. இதில் மோசடி எதுவும் இல்லை. ஏன் செய்தார் என்பதுதான் அப்போது தெரியவில்லை.

வெளியீட்டு நோட்டு

விடை கவிஞரின் மகனிடம் இருந்தது. சிங்கப்பூரில் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, நூலாய்வு, பிறகு முதல் பிரதி பெறுதல். முதல் பிரதியைப் பெறுபவர் பெரும்பாலும் ஒரு வணிகரோ சங்கத் தலைவரோ. அவருக்குப் பின் மற்றவர்கள் வரிசையாக மேடையேறி உறையைக் கொடுத்துவிட்டுப் பிரதியை வாங்கிக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். உறைக்குள் இருப்பது நூலின் விலை அல்ல; 51, 101 என்று அவரவர் மனம் போல. அச்சகக் கடனை அடைப்பது அந்த உறைகள்தான். அறியப்படாத எழுத்தாளர் ஒருவருக்குப் பதிப்பாளரும் விநியோகஸ்தரும் விமர்சகரும் எல்லாம் அந்த ஒரு மாலை மண்டபத்தில் கூடியவர்கள்தான்.

அந்த உறைகளை வீட்டில் பிரித்தபோது கவிஞரின் மனைவி, கல்யாண மொய் எழுதும் நீள நோட்டு ஒன்றில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். பிரதி எண், பெயர், தொகை என மூன்று பத்தி. முதல் வரியில் 1, ஒரு ஜவுளிக்கடை முதலாளி, 101 வெள்ளி. அடுத்தடுத்து ஆசிரியர்கள், துறைமுகத் தோழர்கள், தேக்கா சந்தையில் கடை வைத்திருந்தவர்கள், தமிழவேள் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசில் வேலை பார்த்த ஒருவர். 17ஆம் வரியில் வாத்தியாரின் பெயர், 10 வெள்ளி. அதே வரியின் ஓரத்தில் வேறு மையில், கவிஞரின் கையெழுத்தில்: 'வேறு பிரதி கொடுத்தேன்.'

வாத்தியாரின் மகளிடம் இதைக் காட்டியபோது அவர் உடனே சொன்னார்: "அப்பா யாருக்கும் புத்தகம் இரவல் கொடுக்க மாட்டாருங்க தம்பி. இதை மட்டும் கூட வேலை பார்த்த ஒருத்தருக்குக் கொடுத்துட்டு, வரலைன்னு ரொம்ப நாள் புலம்பிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் வாங்கிட்டுப் போனவர் இறந்த பிறகு அவர் வீட்டு ஆளுங்க கொண்டாந்து கொடுத்தாங்க."

இதை வைத்துக் கோவையாக்கினால் இப்படி வரும்: பிரதி தொலைந்தது என்று வாத்தியார் சொல்ல, கவிஞர் அதே எண்ணில் மாற்றுப் பிரதி ஒன்று செய்து கொடுத்தார். பிறகு பழைய பிரதி திரும்பி வந்தது. மாற்றுப் பிரதி எப்படியோ கைமாறி, கடைசியில் நண்பரிடம் வந்து சேர்ந்தது. முதல் பாதிக்கு நோட்டின் குறிப்பும் மகளின் நினைவும் சான்று. மாற்றுப் பிரதி வாத்தியார் வீட்டை விட்டு எப்படி வெளியே போனது என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை, அது ஊகம்தான்.

பெயர் எழுதிய பிரதி

பழைய நூல் வணிகத்தில் ஒரு வழக்கு உண்டு. பெயர் எழுதாத வெறும் கையொப்பத்துக்கு விலை கூடுதல். 'இன்னாருக்கு அன்புடன்' என்று எழுதியிருந்தால் விலை குறைவு, அந்த இன்னார் பிரபலமாக இருந்தால் ஒழிய. உலகம் அறிந்த எழுத்தாளருக்கு அது பொருந்தலாம். அவருடைய நூல் எத்தனை அச்சானது, எங்கே விற்றது, யார் படித்தார்கள் என்பதற்கெல்லாம் வேறு ஆவணங்கள் இருக்கும். கையொப்பம் வெறும் அலங்காரம்.

நம் எழுத்தாளர்களுக்கு அந்த வழக்கை அப்படியே எடுத்துப் போடுவது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. இந்த வாத்தியார் பிரதியின் ஒரு வரியைப் பாருங்கள். அந்தக் கவிதைகள் ஒரு தமிழ் வகுப்பறையில் வாசிக்கப்பட்டன என்பதற்கு இந்த உலகத்தில் வேறு சான்று இல்லை. ஒரு நூல் யாரைச் சேர்ந்தது, யார் கையில் எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்வது அந்தப் பெயர்தான். போலிக்கு எதிரான காவலும் அதுவே. பெயரும் உறவும் நாளும் சேர்ந்த வரியை வேறு சான்றுகளோடு ஒப்பிட முடியும். வெறும் கையொப்பத்தை ஒப்பிட எதுவும் இல்லை. இந்த நிகழ்விலேயே பெயர் இருந்ததால்தான் நோட்டின் 17ஆம் வரியோடு அதைப் பொருத்த முடிந்தது.

சிங்கப்பூர்த் தமிழ் நூல்களில் சேகரிப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை இன்னும் தீரவில்லை. 1887இல் சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகர் அந்தாதி' வந்த காலத்திலிருந்து இங்கே நூல்கள் வந்துகொண்டிருக்கின்றன. நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம், 1965க்குப் பிந்தைய சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் முந்நூறுக்கு மேல் மின்வடிவாக்கித் தேசிய நூலக வாரியத்திடம் சேர்த்தது. தொண்டூழியர்கள் பலர் உழைத்த அருமையான பணி. அதனால் பனுவல் காப்பாற்றப்பட்டுவிட்டது. பிரதி காப்பாற்றப்படவில்லை, அது அந்தத் திட்டத்தின் நோக்கமும் அல்ல. காலிக்கோ அட்டை, எண்ணிட்ட பக்கம், பின்னட்டைக்குள் ஒட்டிய பிழைதிருத்தச் சீட்டு, ஓரத்தில் எழுதிய எதிர்ப்புக் குறிப்பு, இவையெல்லாம் தனிமனிதர் அலமாரிகளில்தான் பிழைத்திருக்க வேண்டும்.

பராமரிப்பு

வாத்தியார் பிரதிக்குச் செய்தது கொஞ்சம்தான். காற்றுப் புகாத பையில் போட்டு, வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தோம். பூச்சியும் முட்டையும் சாக அது போதும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும் வரை விட வேண்டும், இல்லையென்றால் நூலின் மேலேயே நீர் கோத்துக்கொள்ளும். பிறகு மென்மையான தூரிகையால் தூசி நீக்கி, புகைப்படக்காரர்கள் கேமராவுக்கு வைத்திருக்கும் ஈரமகற்றும் பெட்டியில் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைத்தோம். சிங்கப்பூரின் காற்றில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியில் பூஞ்சை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

தளர்ந்த முதுகை அப்படியே விட்டோம். பைண்டிங் கடையில் கொடுத்தால் ஓரத்தைச் சமமாக வெட்டித் தருவார்கள். வெட்டிய ஓரத்தோடு ஓரக்குறிப்புகளும் போகும். செலோடேப், லேமினேஷன், பக்கங்களுக்கிடையே வேப்பிலை, எதுவும் வேண்டாம். வேப்பிலை தாளில் கறையாக நிற்கும்.

முடிவு

நண்பர் கடைப் பிரதியை விற்கவில்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. பட்டியலில் அதன் விவரத்தை 'மாற்றுப் பிரதி, கவிஞர் கையொப்பம் 1995க்கும் 2004க்கும் இடையில்' என்று மாற்றி, மேலே சொன்ன சான்றுகளைத் தட்டச்சு செய்த சீட்டை நூலோடு வைத்திருக்கிறார். கொடுத்த 150 வெள்ளி அதிகம் என்று அவர் நினைக்கவில்லை. ஒரு வாசகனின் புத்தகம் தொலைந்துபோனதற்காக இருபது ஆண்டு கழித்து ஒரு கவிஞர் தாளை அச்சடித்து ஒட்டிக் கொடுத்திருக்கிறார் என்பது அவருக்குப் பெரிய விஷயம். எனக்கும்தான்.

வாத்தியார் பிரதியை அவர் மகள் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குக் கொடுக்கலாமா என்று விசாரித்து வருகிறார். சட்டப்படி இங்கே வெளியிடும் நூலில் இரண்டு பிரதிகளை நான்கு வாரங்களுக்குள் நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பதால் நூலகத்தில் அந்த நூல் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று அவர் தயங்கினார். அங்கே இருப்பது சாதாரணப் பதிப்பு, எண்ணிட்ட பக்கமே அதில் கிடையாது என்று எடுத்துச் சொன்னோம். கொடுப்பதாக முடிவானால் நோட்டின் 17ஆம் வரியின் படத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார் கவிஞரின் மகன்.

நோட்டை முழுவதும் படமெடுத்து, பெயர்களைத் தட்டச்சு செய்யும் வேலை நடக்கிறது. 1 முதல் 63 வரை பெயர்கள் தொடர்ச்சியாக இருக்கின்றன. 64இலிருந்து எண் மட்டுமே எழுதியிருக்கிறது, எதிரே வெற்றிடம். சிறப்புப் பிரதிகளுக்கென அச்சடித்த தாள்களில் பைண்டிங் ஆகாத கட்டு ஒன்று வீட்டில் பல காலம் கட்டிலுக்கு அடியில் இருந்ததாக மகன் சொல்கிறார். ஆகவே 63க்கு மேல் எண் கொண்ட பிரதி எதுவும் சந்தைக்கு வந்தால், 1979 என்ற தேதியை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. தையலையும் பேனாவையும் முத்திரையையும் முதலில் பார்க்க வேண்டும். 63க்குள் வந்தால் நோட்டில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுச் சொல்ல இப்போது வழி இருக்கிறது.